பொத்தான் சகோதரர்களின் பொறுமை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் பிறந்தது. வீங்கிய கன்னத்தோடு கையில் கிடைத்த பத்திரிகையைப் புரட்டினேன். பங்குச் சந்தையில் கொடிகட்டிப் பறந்தவர்கள், தலைமுறை தலைமுறையாகத் தொழில் நடத்தும் குடும்பங்கள், அவர்களின் வாழ்க்கை நமக்குத் தரும் பாடங்கள் என்று பக்கம் பக்கமாகப் போட்டிருந்தார்கள். அத்தனை பேரும் பழைய வீட்டிலேயே குடியிருந்தார்கள், பழைய சட்டையையே போட்டார்கள். (அவர்கள் போட்டால் அது எளிமை. நான் போட்டால் என் மனைவி அதைத் தரை துடைக்க எடுத்துவைக்கிறாள்.) அத்தனை பேரும் பொறுமைசாலிகள். தப்பித்தவறிக்கூட அவர்களுக்கு எதுவும் தற்செயலாக நடந்ததில்லை.

எனக்கு வயிற்றெரிச்சல். அதில் பிறந்ததுதான் இது.

2

"மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில், பொத்தான் தொழிற்சாலையின் வாசலில் அண்ணனும் தம்பியும்

வேண்டாம். மழையில் தொடங்கினால் யாரையாவது சாகடிக்க வேண்டியிருக்கும்.

"பொறுமை என்பது

அடித்துவிட்டேன். நான் சாமியார் இல்லை.

சரி, நேராகவே வருகிறேன். அண்ணன் தம்பி இருவர் சட்டைப் பொத்தான் செய்யும் தொழிற்சாலை நடத்தினார்கள். எல்லோருக்கும் அவர்கள் பெரியவர், சின்னவர். நடுவயதில், கையில் மிஞ்சியதையெல்லாம் போட்டுச் சின்னச் சின்னக் கம்பெனிகளின் பங்குகளை வாங்கினார்கள். எல்லாம் இருவர் பெயரிலும் சேர்த்து. விற்க வேண்டுமென்றால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தைந்து வருடமாக அவர்கள் ஒன்றைக்கூட விற்கவில்லை. சந்தை சரிந்தபோது உலகமே விற்றது, இவர்கள் அசையவில்லை. ஏறியபோதும் அசையவில்லை. அந்தச் சின்னக் கம்பெனிகளில் சில எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டன. பயத்தையும் பேராசையையும் வென்ற சகோதரர்கள் என்று பத்திரிகைகள் எழுதின.

இப்போது தொழிற்சாலையை நடத்தும் பெரியவரின் மகன், இந்தப் பெருமையைப் புத்தகமாகப் போட ஆசைப்பட்டான். பத்துப் பாடங்கள். எழுத ஒருத்தியை அமர்த்தினான்.

3

அவளை எழுதித் தருபவள் என்று வைத்துக்கொள்வோம். பெரிய மனிதர்கள் சொல்ல நினைத்ததை அவர்கள் பெயரிலேயே எழுதிக் கொடுப்பது அவள் தொழில். முதல் வரைவில் அவளுக்கு ஒரு கணவனைக் கொடுத்திருந்தேன். அவன் சோபாவில் உட்கார்ந்து காபி கேட்டதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. அனுப்பிவிட்டேன். அவளும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

மூன்றாம் பாடம், பொறுமை. அதற்காக அவள் சின்னவரைப் பார்க்கப் போனாள். ஒரே கட்டடம்தான். மேல்தளத்தில் பெரியவர், கீழ்த்தளத்தில் சின்னவர்.

"ஏன் சார் விக்கவே இல்ல?"

"அவரு கையெழுத்தும் வேணுமேம்மா."

"கேட்டிருக்கலாமே."

"நாங்கதான் பேசிக்கிறதில்லையே," என்றார் சின்னவர், சாதாரணமாக.

பங்குகளை வாங்கிய அடுத்த வருடமே, பொத்தான் வாங்க வந்த ஒரு பெரிய வியாபாரியிடம், தம்பியைக் காட்டி அண்ணன் சொன்னாராம்: "இவரு நம்ம கம்பெனியில வேலை பாக்குறாரு." அவ்வளவுதான். அன்று மத்தியானத்திலிருந்து பேச்சு இல்லை.

மறுநாள் மேல்தளத்தில் பெரியவரைக் கேட்டாள். "ஏதோ அவசரத்துல வாயில வந்துருச்சு. அவன் அப்பவே சண்டை போட்டிருந்தா சரியாப் போயிருக்கும்மா. முகத்தத் தூக்கி வச்சிக்கிட்டான்."

சந்தை சரிந்தபோது பெரியவருக்குக் குலை நடுங்கியது. விற்றுவிடலாம் என்று பாதிப் படி இறங்கினார். 'அவன்கிட்ட நான் போய் நிக்கவா?' என்று திரும்பிவிட்டார். சந்தை ஏறியபோது சின்னவருக்கு ஆசை வந்தது. பாதிப் படி ஏறித் திரும்பிவிட்டார்.* உலகம் கொண்டாடிய பொறுமை இதுதான். பயத்தையும் பேராசையையும் வென்றது ரோஷம்.

* இருவரும் படிக்கட்டில் முட்டிக்கொள்வது போல ஒரு காட்சி எழுதிப் பார்த்தேன். அதற்குச் சந்தை ஒரே நாளில் ஏறவும் இறங்கவும் வேண்டியிருந்தது. கைவிட்டேன்.

4

இங்கேதான் அவள் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. கெட்டிக்காரி என்றால் இதை மறைத்து, பொறுமையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டு போயிருப்பாள். இவள் எழுதியதை எழுதியபடியே இருவருக்கும் படித்துக் காட்டினாள், சரிபார்க்க.

"நான் முகத்தத் தூக்கி வச்சிக்கிட்டேனா? அவரு சொன்னாரா? அப்படி இல்லன்னு சொல்லு."

"சொல்றதா, எழுதறதா சார்?"

"எழுது. எழுதினதப் படிச்சுக் காட்டுவல்ல?"

மேலே போய்ப் படித்தாள். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, "அவன் முட்டிவலி எப்படி இருக்குன்னு போட்டிருக்கியா?" என்றார்.

"பொறுமைப் பாடத்துல முட்டிவலி எதுக்கு சார்?"

"வலியத் தாங்கவும் பொறுமை வேணும்ல."

இப்படியே வளர்ந்தது மூன்றாம் பாடம். முட்டிக்கு எந்தத் தைலம், ராத்திரி தூக்கம் வருகிறதா, பொத்தான் வார்க்கும் அந்தப் பழைய அச்சு இயந்திரத்தை ஏன் விற்றாய் என்று எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. மற்ற ஒன்பது பாடங்களும் சேர்ந்தாலும் அதில் பாதிகூட வராது. அவளுக்குப் படிக்கட்டு ஏறி இறங்கியே இடுப்பு ஒடிந்தது. ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

5

மகன் கூப்பிட்டான். (இவனுக்கு ஒரு வில்லன் சிரிப்பைப் பொருத்திப் பார்த்தேன், ஒட்டவில்லை. கவலைப்படுகிறவன், அவ்வளவுதான்.)

"மேடம், மூணாம் பாடத்த இந்த வாரம் முடிச்சிருங்க. சின்னதா, ரெண்டு பக்கம் போதும்."

"அவங்க ரெண்டு பேரும் இப்பதான் சார் பேச ஆரம்பிச்சிருக்காங்க."

"தெரியும் மேடம். அதுதான் பயமே. சித்தப்பாவுக்குத் தன் பங்கப் பிரிச்சிக்கிட்டு ஒதுங்கணும்னு ரொம்ப நாளா ஆசை. அப்பாகிட்ட கேக்கத்தான் வாய் வரல. அந்தப் பங்கையெல்லாம் பேங்க்ல காட்டிக் கடன் வாங்கித்தான் தொழிற்சாலையே ஓடுது. இவங்க பேசாத வரைக்கும் சொத்து ஒண்ணா இருக்கும். பேசினா, பிரிஞ்சிரும்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அங்கே வேலை செய்கிறவர்களின் முகங்களையும் அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் பாடம் முடிந்தால் படித்துக் காட்ட எதுவும் இருக்காது. பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. இன்னொரு புத்தகம் போட அவருக்கு நாள் இல்லை.

6

முடிவுகள். ஒன்று: அவள் இரண்டு பக்கத்தில் முடிக்கிறாள், புத்தகம் சக்கைப்போடு போடுகிறது, பெரியவர் தைலத்தின் பெயரைக் கேட்க ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். எழுதி முடித்ததும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

இரண்டு: சகோதரர்கள் கட்டிப்பிடித்து அழு

கூசுகிறது.

மூன்றாவதை அவளே செய்துவிட்டாள். மேலே போய், "கடைசிப் பக்கத்த நீங்க ரெண்டு பேரும் சேந்து கேட்டாத்தான் சார் சரியா வரும்," என்றாள்.

பெரியவர் எழுந்து வேறு சட்டை மாற்றிக்கொண்டார். அவள் தோளைப் பிடித்துப் படி இறங்கினார். இந்த முறை பாதியில் திரும்பவில்லை.

கதவைத் திறந்தவர் சின்னவர். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அவளைப் பார்த்தார்கள், பழக்கதோஷம். உட்கார்ந்தார்கள். சின்னவரின் பார்வை அண்ணனின் சட்டையில் போய் நின்றது. வாழ்நாளெல்லாம் பொத்தான் செய்த கண்.

"பொத்தான மாத்திப் போட்டிருக்காருன்னு சொல்லும்மா," என்றார் அவளிடம்.

"நீங்களே சொல்லுங்க சார்."

சொல்லிவிட்டு அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். நானும் அவளோடு வந்துவிட்டேன், எட்டிப்பார்க்க எனக்குத் துணிவில்லை.

உள்ளே சத்தம் இல்லை. பேசாமல் இருக்கிறார்களா, மெதுவாகப் பேசுகிறார்களா, அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவள் கையில் போன் அடிக்கிறது. மகன்தான். பாடம் முடிந்ததா என்று கேட்பான். என்ன சொல்லலாம் என்று நீங்களே சொல்லுங்கள். அடுத்தவர் வார்த்தையை எடுத்துச் சொல்லியே பழகியவள், நீங்கள் சொன்னால் அப்படியே சொல்லிவிடுவாள்.