தலைக்கு மேல் ஒரு மோட்டார்

மாவு மில்லுக்காரி மோட்டார் கடைக்குத் தர வேண்டிய பாக்கி நாற்பத்தேழாயிரத்து முந்நூற்று இருபது ரூபாய். தவணையில் வாங்கிய அந்த மோட்டார் அவள் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் அந்தரத்தில் நின்றது. வாங்கிய ஒன்பதாம் நாளே அது உள்ளே காயில் கம்பி கருகிச் செத்திருந்தது. தூக்கிக்கொண்டு போனால், ஈரம் பட்டதற்குக் கேரண்டி கிடையாது என்றார் கடை முதலாளி. ஈரம் பட்டால் முதலில் மாவல்லவா கெடும் என்று கேட்டுப் பார்த்தாள். முதலாளி ரசீதுக் கட்டைப் புரட்டினார். பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், இனி தவணை கிடையாது என்று மோட்டாரை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். மறுநாள் ஒரு வண்டியில் மோட்டாரைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். விடிந்தபோது அது மேலே இருந்தது.

அவள் நடந்தால் அதுவும் நகர்ந்தது. படுத்தால் அதுவும் இறங்கியது. வீட்டுக்காரர் பாயைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "தலைக்கு மேல கடன்னு சொல்லுவாங்க, இப்பதான் கண்ணால பாக்குறோம்" என்று அரைக்க வந்தவர்கள் இரண்டு நாள் பேசினார்கள், பிறகு நெரிசலில் இடித்துக்கொள்ளாமல் விலகி நிற்கப் பழகினார்கள். வட்டி ஏற ஏற மோட்டார் இறங்கியது. மாதத்துக்கு அரை அங்குலம். அவள் பழைய மோட்டாருக்கே பெல்ட் மாற்றி ஓட்டினாள், தும்மல் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கும் பெண் ஒருத்தி கோதுமை அரைக்க வருவாள். அவள்தான் சொன்னாள்: "மூணு வருஷம்க்கா. அதுக்குள்ள கேஸ் போடலைன்னா கடன் காலாவதி. ஆனா நடுவுல ஒரு ரூபா குடுத்தாலும் போச்சு, ஒரு கையெழுத்து போட்டாலும் போச்சு. திரும்ப முதல்லேர்ந்து எண்ணணும்."

மூன்றாம் வருஷம் முடிய ஒரு வாரம் இருக்கையில் மோட்டாருக்கும் அவள் வகிட்டுக்கும் இடையே ஒரு நூல்தான் இடைவெளி. அன்றைக்குக் கடையின் வசூல்காரன் வந்தான். ஊரில் அவனுக்குத் தேன்வாயன் என்று பெயர்.

"அக்கா, உங்கள இந்தக் கோலத்துல பாக்க வயிறு எரியுது. வட்டி பூரா தள்ளிடச் சொல்லிட்டேன். சும்மா ஒரு நூறு ரூபா. இந்தத் தாள்ல ஒரு கையெழுத்துச் சுழி. அவ்வளவுதான்."

வீட்டுக்காரர் மானஸ்தர். மூன்று வருஷமாகத் தெருவில் தலை நிமிராதவர். சட்டைப்பைக்குள் கை விட்டார். "நூறுதானே, குடுத்துத் தொலைப்போம். நாலு பேரு என்ன நினைப்பாங்க?" நோட்டு வெளியே வந்ததும் மோட்டார் இறங்கி அவள் தலைமுடியைத் தொட்டது. இரும்பின் குளிர் உச்சியில் இறங்கியது. எட்டி அந்த நோட்டைப் பிடுங்கினாள். ஓடிக்கொண்டிருந்த மில்லின் வாய்க்குள் போட்டாள். யாருடைய மிளகாயோடோ சேர்ந்து அது சிவப்பாகப் பொடிந்து கீழே வந்தது.

"உங்களுக்கென்ன பைத்தியமாக்கா?"

"சில்லறை இல்லப்பா" என்றாள்.

மிளகாய்க்குச் சொந்தக்காரி மட்டும், எடை கூடியிருக்கிறது, அரைப்புக் கூலியை அதுக்கும் சேர்த்துப் போடாதே என்று தகராறு செய்தாள். வீட்டுக்காரர் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

கெடு முடிந்த காலையில் மோட்டார் விறுவிறுவென்று மேலே போய், மில் வாசலுக்கு நேரே, கூரையைவிட ஒரு ஆள் உயரத்தில் நின்றது. முதலாளி அதற்கப்புறம்தான் கேஸ் போட்டார். முதல் வாய்தாவிலேயே தள்ளுபடி. அப்படியானால் பொருளையாவது கொடு என்று ஆள் அனுப்பினார். "தாராளமா எடுத்துக்குங்க" என்று இவளே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் ஒரு படி ஏற, அது ஒரு படி ஏறியது. சாயங்காலம் ஏணியோடு திரும்பிப் போனார்கள். முதலாளி கணக்கில் அவள் பெயருக்கு நேரே வராக்கடன் என்று எழுதி, தொகையை அடித்துவிட்டார்.

மோட்டார் இன்னும் அங்கேதான் நிற்கிறது. உச்சி வெயிலில் மில் வாசலில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு நிழல் விழும். டப்பாவோடு முதலில் வருகிறவருக்கு அந்த இடம்.