ஓடிப்போனவரின் படகு

ஒரின்பாய்க்கு எழுபது வயது நிறைந்த அன்று அவர் வீட்டு முற்றத்தில் மூன்று வெள்ளைக் கூடாரங்கள் எழுந்திருந்தன. விருந்துக்கு நான்கு குதிரைகளை அறுத்திருந்தார்கள். மாவட்ட அதிகாரி வந்து பட்டு அங்கி போர்த்தப்போவதாகப் பேச்சு. வாசலில் "ஊருக்கே தகப்பன்" என்று எழுதிய துணி காற்றில் படபடத்தது.

அந்த ஊர் அப்படித்தான். தொண்ணூறுகளில், ரஷ்ய எல்லையை ஒட்டிய ஜாயிக் ஆற்றையே மொட்டையடித்தவர் ஒரின்பாய். ஸ்டர்ஜன் மீன்களின் வயிற்றைக் கிழித்து, பொன் விலைக்குப் போகும் கருப்பு முட்டையை மட்டும் அள்ளிக்கொண்டு, மீனைக் கரையில் அழுக விட்டவர். பிறகு ஒரு மசூதி கட்டினார். அதிலிருந்து ஊருக்குத் தகப்பன் ஆகிவிட்டார். ஓசிச் சோறு போடுகிற எவரையும் தகப்பன் என்று கூப்பிட அந்த ஊர் தயங்கியதே இல்லை.

அவருடைய ஒரே மகள் அக்மரலுக்கு முப்பத்து மூன்று வயது. அரசு மீன்பண்ணையில் ஸ்டர்ஜன் குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விடும் வேலை. அப்பா அழித்ததை மகள் விரல் நீளக் குஞ்சுகளாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதை யாரும் அவளிடம் சொல்லிக் காட்டவில்லை. அவளே தனக்குள் சொல்லிக்கொண்டதுண்டு.

அன்று காலை பண்ணைக்கு அல்மாஸ் வந்தான். ஆற்றைத் தூர்வாரும் மிதவையில், தண்ணீருக்கடியில் முக்குளித்து வேலை செய்பவன். இரண்டு வருடமாக அவளும் அவனும் ஊருக்குத் தெரியாமல் பழகி வந்தார்கள். தெரியாமல் இருந்ததற்குக் காரணம் அவனுடைய அப்பா. சகிந்திக் மீன்வள ஆய்வாளராக இருந்தவர். இருபத்து நான்கு வருடம் முன்பு கடத்தல்காரர்களிடம் கைநீட்டிவிட்டு, அரசாங்கப் படகோடு ரஷ்யப் பக்கம் ஓடிப்போய்விட்டார் என்பது ஊர் அறிந்த கதை. பள்ளியில் அல்மாஸுக்குப் பெயரே கிடையாது. "ஓடுகாலி மகன்" என்றுதான் கூப்பிட்டார்கள். அவனுடைய அம்மா பீபிகுல் தெருவில் சலாம் சொன்னால் பதில் சொல்ல ஆளில்லை.

அல்மாஸ் ஈரக் கையோடு ஓர் இரும்புக் கட்டியை அவள் மேசைமேல் வைத்தான்.

"படகு கெடச்சிருச்சு. ஏழு மீட்டர் ஆழத்துல, சேத்துக்குள்ள. எண் பலகை இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. எங்கப்பா படகுதான்."

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"எங்கயும் ஓடலை அவரு. படகு நெறைய இந்தக் கட்டிங்கதான். அடுக்கி வச்சு முழுகடிச்சிருக்காங்க." கட்டியைத் திருப்பிக் காட்டினான். அதில் பிறையும் அதன்மேல் குறுக்குக் கோடும் வார்க்கப்பட்டிருந்தன. "இது யாரு அடையாளம்னு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. குதிரைகளின் தொடையிலும் வீட்டு இரும்புக் கதவிலும் அவள் பிறந்தது முதல் பார்த்து வந்த குடும்ப முத்திரை அது. தூண்டில் கயிற்றை அடியில் இருத்தும் கட்டிகளை மற்ற திருடர்கள் திருடிவிடக் கூடாது என்று அவளுடைய அப்பா முத்திரையோடு வார்த்து வைத்திருந்தார்.

"நாளைக்கு அரசு வக்கீல் ஆபீஸ்லேந்து வர்றாங்க, தூக்கறதுக்கு. அதுக்குள்ள கேபினைத் தொறந்து பாத்துடணும். நாளை வரைக்கும் என்னால காத்திருக்க முடியாது" என்றான் அல்மாஸ். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல், "உன்கிட்ட நான் எதுவும் கேக்கலை, அக்மரல்" என்றான்.

அவன் போன பிறகு அவள் கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்று, கதவு முத்திரைக்குப் பக்கத்தில் கட்டியைப் பிடித்து ஒரு படம் எடுத்தாள். கோடு கோடாகப் பொருந்தியது.

ஒரின்பாய் உள்ளறையில் தனியாக உட்கார்ந்து மீசையை ஒதுக்கிக்கொண்டிருந்தார். பொரித்த ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் அவள் கட்டியை வைத்தாள்.

"எங்க கெடச்சுது?" என்றார். என்ன இது என்று கேட்கவில்லை.

"சகிந்திக் படகுல."

"பழைய இரும்பு. ஆத்துல ஆயிரம் கெடக்கும்."

"படகுக்குள்ள அடுக்கி வச்ச மாதிரியாப்பா?"

அவர் கைவிரல்களைத் துண்டில் நிதானமாகத் துடைத்தார். "அவன் மனுசங்களோட ஒத்துப்போற ஆளில்ல, என் செல்ல ஒட்டகக்குட்டி. விருந்துக்குக் கூப்பிட்டேன், வரலை. வீட்டுக்கு மீன் அனுப்பினேன், திருப்பி அனுப்பிட்டான். ஒருத்தன் மட்டும் யோக்கியன்னு நின்னா, மத்தவங்கல்லாம் யாரு? திருடங்களா?"

"ஆமா."

அந்த ஒரு சொல்லுக்கு அவர் முகம் சுருங்கியது. "நான் அங்க இல்லவே இல்லை. ஒரு வழி பண்ணுன்னு மட்டுந்தான் உன் சித்தப்பன்கிட்ட சொன்னேன்." கூரையில் ஒழுகிய ஓட்டையைப் பற்றிப் பேசுகிறவர் போலச் சொன்னார்.

"ஓடிப்போயிட்டாருன்னு கதை கட்டினது?"

"ஊரு கட்டுச்சு. நான் மறுக்கலை, அவ்வளவுதான்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பையனோட நீ பழகறது எனக்குத் தெரியும். கட்டிக்கோ. நானே முன்னால நின்னு நடத்தி வைக்கிறேன். அவங்கம்மாவைச் சபையில பெரிய இடத்துல உக்கார வைக்கிறேன். அந்தப் படகு மட்டும் அங்கேயே கெடக்கட்டும்."

அக்மரலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயந்துகொண்டுதான் உள்ளே வந்திருந்தாள். இத்தனை வருடம் மலையாகத் தெரிந்த மனிதர் இவ்வளவுதானா என்று தோன்றியது.

"அவரை வாங்க முடியலைன்னு முழுகடிச்சீங்க. என்னை வாங்க அவரு மகனையே காட்டுறீங்க. கொலைகாரன்னா ஏதோ பெரிசா இருக்கும்னு நெனச்சேம்ப்பா. நீங்க வெறும் மீன் வியாபாரி. அழுகின மீன் வியாபாரி."

"வாயை அடக்கு!"

"சித்தப்பா எங்க?"

ஒரின்பாயின் பார்வை சன்னல் வழியாக ஆற்றுப் பக்கம் போய்த் திரும்பியது. அவள் வெளியே ஓடினாள். முதல் கூடாரத்தில், மிதவையில் அல்மாஸின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய ராஷித், முழங்கை வரை கொழுப்பு வழிய எலும்பு கடித்துக்கொண்டிருந்தான்.

"நீ இங்க என்ன பண்றே? அல்மாஸ் எங்க?"

"தண்ணிக்குள்ளதான். படகு கெடச்சதை உங்க சித்தப்பாகிட்ட சொன்னேன். உடனே வந்து, நான் பாத்துக்கறேன், நீ போய்ச் சாப்பிடுன்னாரு..."

ஒரு தட்டுக் குதிரைக் கறிக்காகக் கூட்டாளியின் மூச்சுக் குழாயை விட்டுவிட்டு வந்தவன் அவன். அவனைத் திட்டக்கூட அவளுக்கு நேரமில்லை.

மிதவை ஆற்று வளைவில் கட்டிக் கிடந்தது. காரை நாணலுக்குள் நிறுத்தியபோதே அவள் காதுகொடுத்துக் கேட்டாள். அல்மாஸுக்குக் காற்று அனுப்பும் இயந்திரத்தின் சத்தம் இல்லை. அதன் அருகே கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து சித்தப்பா செய்த்காலி சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள் போகும் ரப்பர் குழாய்மேல் அவருடைய பூட்ஸ் கால் இருந்தது.

"வாம்மா. இஞ்சின் நின்னுபோச்சு. டீசல் இல்லை போல" என்றார்.

"காலை எடுங்க சித்தப்பா."

"உனக்கு எதுக்கு இது? போய் விருந்தாளிங்களைக் கவனி."

அவள் இயந்திரத்தின் கயிற்றைப் பிடிக்கப் போனாள். அவர் அவள் மணிக்கட்டைப் பற்றினார். வயதானாலும் வலை இழுத்த கை. எலும்பு நொறுங்குவது போல் வலித்தது. ஆற்றில் குமிழி எதுவும் தெரியவில்லை. அவசரத்துக்கு முதுகில் கட்டிய சிறிய காற்றுப் புட்டி ஐந்து நிமிடம் தாங்கும் என்று அல்மாஸ் ஒருமுறை சொல்லியிருந்தான். எத்தனை நிமிடம் போயிற்றென்று அவளுக்குத் தெரியாது.

இன்னொரு கையால் போனை எடுத்தாள். விருந்துக்கு ஆள் கூப்பிடச் செய்த்காலியே தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில், காலையில் எடுத்த படத்தைப் போட்டாள். கீழே, "சகிந்திக் எங்கேயும் ஓடவில்லை. எங்கள் இரும்போடு ஆற்றுக்கு அடியில் இருக்கிறார்" என்று கட்டை விரலால் தட்டி அனுப்பினாள்.

அவருடைய சட்டைப் பையில் போன் ஒலித்தது. மறுபடி ஒலித்தது. பிறகு நிற்காமல் ஒலிக்க ஆரம்பித்தது.

"எடுத்துப் பாருங்க. நானூறு பேரும் பாத்துக்கிட்டிருக்காங்க. இப்ப இவனையும் முழுகடிச்சா யாரை ஏமாத்தப் போறீங்க?"

செய்த்காலி பார்த்தார். அவர் வாயிலிருந்து சிகரெட் விழுந்தது. மணிக்கட்டை விட்டார், காலையும் எடுத்தார். ஒரு வார்த்தை பேசாமல் கரைக்கு இறங்கி ஜீப்பை நோக்கி நடந்தார். ஓடக்கூட அவருக்குத் தைரியம் இருக்கவில்லை.

மூன்றாவது இழுப்பில் இயந்திரம் உயிர்பெற்றது. அவள் மண்டியிட்டு, அவன் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைச் சுண்டினாள். பதில் இல்லை. மறுபடி சுண்டினாள். கடைசியில் மறுமுனை இரண்டு முறை இழுபட்டது. அவள் அவனை மேலே இழுத்தாள்.

முகமூடியைக் கழற்றியதும் அல்மாஸ் வெகுநேரம் இருமினான். சேற்றில் சரிந்து கிடந்த கேபின் கூரைக்கு அடியில் உடம்பை நுழைத்திருந்தபோதுதான் காற்று நின்றதாம். புட்டிக் காற்றோடு திரும்பி வர வழியைத் தடவிக்கொண்டிருந்தானாம். அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். அவனுடைய பல் கிடுகிடுத்தது.

"கதவுக்கு வெளிய போல்ட் போட்டிருக்காங்க, அக்மரல்" என்றான். "உள்ள இருக்காரு. உயிரோட வச்சுப் பூட்டியிருக்காங்க."

அவனைச் சுற்றியிருந்த கைகளை எடுக்கவும் முடியாமல், வைத்திருக்கவும் கூசி, அவள் அப்படியே இருந்தாள். அவற்றின்மேல் அவனே தன் கையை வைத்து அழுத்திக்கொண்டான்.

மாவட்ட அதிகாரியின் கார் பாதி வழியில் திரும்பிப் போய்விட்டது. விருந்தாளிகளும் கலைந்தார்கள், கலையும்போது கறியைப் பொட்டலம் கட்டிக்கொள்ள மறக்கவில்லை. மறுநாள் படகு கரையேறியது. ஒரின்பாயைக் கைது செய்ய வந்தவர்களிடம் அவர், எல்லாம் தம்பி செய்தது என்றார். தம்பி அதற்குள் ரஷ்ய எல்லையைத் தாண்டியிருந்தார். ஊர் இருபத்து நான்கு வருடமாகச் சொல்லி வந்த கதை கடைசியில் ஒருவருக்குப் பொருந்தியது. அக்மரல் மூன்று நாள் உட்கார்ந்து, அப்பா தன் வாயால் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சகிந்திக்கின் அடக்கத்துக்கு ஊரே திரண்டு வந்தது. கையில் ரொட்டியும் கறியும், கண்ணில் தயாராக வைத்திருந்த கண்ணீருமாக வாசலில் நின்றார்கள். பீபிகுல் கதவைப் பாதி திறந்தாள்.

"என் புருசன் செத்தது உங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியும். நான் சாகலைங்கறது இத்தனை வருசமா தெரியும்தானே? ஒருத்தராவது வந்தீங்களா? தூக்கிட்டுப் போங்க உங்க கறியை."

கூட்டத்தின் பின்னால் நின்ற அக்மரலும் திரும்பி நடந்தாள்.

"நீ நில்லு" என்றாள் பீபிகுல்.

உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். தேநீரைக் கிண்ணத்தின் விளிம்பு வரை ஊற்றி நீட்டினாள். இருக்கச் சொல்கிறவர்களுக்கு அந்த நாட்டில் அரைக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள். முழுக் கிண்ணம் என்றால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அல்மாஸ் "அம்மா..." என்று ஆரம்பித்தான். அக்மரல் தலையசைத்து அவனை நிறுத்தினாள். சூட்டோடு முழுவதையும் குடித்தாள். எழுந்தாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை வரேம்மா" என்றாள்.

பீபிகுல் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. கிண்ணத்தை எடுத்துக் கழுவப் போனாள்.