பெரிய எழுத்தில் ஒரு மாமியார்

ராஜப்ரியா பிறக்கும்போதே அவள் நாக்கில் 'ங்க' ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. மேட்டுப்பாளையத்தில் அவள் பிறந்த வீட்டில், பாலுக்கு வந்து நிற்கும் பூனையைக்கூட "அப்பறம் வாங்க" என்றுதான் விரட்டுவார்கள். அப்படிப்பட்டவள் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு மலையேறி வந்தது, அரவேணுவில் ஜீப் ஓட்டும் பாலுவின் வீட்டுக்கு. அந்த வீட்டில் மரியாதை என்பது விருந்தாளிக்காக எடுத்து வைத்த பீங்கான் கோப்பை. வீட்டு ஆட்களுக்கு அதில் தேத்தண்ணி ஊற்றுவதில்லை.

பாலுவின் அம்மா ராமாத்தாள் இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, சிறுமியாக இருந்தபோதே பெற்றோருடன் கப்பலேறி வந்தவள். எஸ்டேட்டில் கொழுந்து பறித்தே காலம் தள்ளி ரிடையர் ஆனவள். மகன் "ஏம்மா, ஒனக்குக் காது கேக்கலயா?" என்று கத்தினால் அவள் முகம் மலரும். மருமகள் வந்து "ஏனுங்க அத்தை, சாப்பிட வர்றீங்களாங்க?" என்று கேட்டால், "ம், வாறேன்" என்பதோடு சரி. இந்த வித்தியாசத்தை ராஜப்ரியா கவனிக்காமல் இல்லை. தன் மரியாதை இன்னும் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மேலும் இரண்டு 'ங்க' சேர்த்துக்கொண்டாள். பாவம், அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

ராமாத்தாளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ரிடையர் ஆன கையோடு, ஹட்டி என்னும் பக்கத்துப் படுகர் ஊரில் சொந்தமாகத் தேயிலை வைத்திருக்கும் ராக்கம்மாவையும், தன்னோடு கொழுந்து பறித்த வேலாமணியையும் சேர்த்துக்கொண்டு, மெஷின் இல்லாமல் கையாலேயே தேயிலை உருட்டிக் காயவைத்து விற்கத் தொடங்கினாள். நாலாவது ஆள் ராஜப்ரியா. ஒவ்வொரு பாக்கெட்டும் அதை உருட்டியவளின் பெயரில் போகும். பாக்கெட்டின் மேலிருக்கும் க்யூஆர் கோடைப் போனில் காட்டினால் அந்தப் பெண்ணின் படமும், அவளைப் பற்றி நாலு வரியும் வர வேண்டும். இது ராஜப்ரியாவின் யோசனை. பி.காம். படித்தவள், வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் ஓர் இலவச வகுப்பில் சேர்ந்து, வெப்சைட் செய்வதற்கான பிஎச்பி கற்றுக்கொண்டிருந்தாள். எழுதிய ஸ்கிரிப்ட் ஓடாமல் மக்கர் பண்ணினால், "ஏனுங்க இப்படிப் பண்றீங்க?" என்று லேப்டாப்பைத்தான் கேட்பாள்.

படம் எடுத்த அன்று ராமாத்தாள் பெட்டியிலிருந்து அரக்குச் சேலையை எடுத்து உடுத்தினாள். தலையைத் திரும்பத் திரும்ப வாரினாள். சிரிக்கச் சொன்ன மகனை முறைத்தாள். முறைத்து முடித்ததும் அவளையறியாமல் ஒரு சிரிப்பு வந்தது. அதைத்தான் பாலு பிடித்தான். அன்று முதல் தெருவில் யாரைப் பார்த்தாலும், "என் படம் கம்ப்யூட்டர்ல வருது. மருமகதான் செய்யுது" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விடவில்லை. அதை முதுகுக்குப் பின்னால் நின்று கேட்ட ராஜப்ரியாவுக்கு இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை.

படங்களை லேப்டாப்பில் ஏற்றிப் பெயர் வைக்கும்போதுதான் வினை முளைத்தது. ஃபைலுக்கு ஆங்கிலத்தில் பெயர் வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'ங்க' கிடையாது. ஆனால் பெரிய எழுத்து இருக்கிறதே! மாமியார் பெயரை முழுக்க முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்தாள். ராக்கம்மாவுக்கும் வேலாமணிக்கும் முதல் எழுத்து மட்டும் பெரிது. தன் பெயரைப் பொடிப்பொடியாகச் சின்ன எழுத்தில் போட்டுக்கொண்டாள். பெரியவர்கள் நடுவில் தான் நிமிர்ந்து நின்றால் நன்றாகவா இருக்கும்?

லேபிள் அச்சுக்குப் போன நாளில், வெப்சைட் முகவரியில் எல்லாம் சின்ன எழுத்தாகவே இருக்கட்டும் என்று வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்தது. அதனால் க்யூஆர் கோடுக்குள் நாலு பெயரையும் சின்ன எழுத்தில் கொடுத்தாள். தன் லேப்டாப்பில் சோதித்துப் பார்த்தாள். நாலு முகமும் அழகாக வந்தன. ஒருவேளை படத்தைத் திறக்க முடியாமல் போனால் என்ன சொல்வது என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. யாராவது கண்ட பெயரை அடித்தால்தானே அது வரப்போகிறது என்று விளையாட்டாக, 'மன்னிக்கவும். அப்படி யாரும் இங்கே இல்லைங்க' என்று எழுதி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் வாடகை சர்வரில் ஏற்றியபோது, எடுத்த எடுப்பில் அது பர்மிஷன் இல்லை என்று கதவைச் சாத்தியது. ஃபோல்டரை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று ஒவ்வொரு கட்டமாக டிக் போட்டு, ஒருவழியாகத் திறக்க வைத்தாள். தன் பக்கத்தைத் தட்டினாள். தன் முகம் வந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று லேப்டாப்பை மூடிவிட்டுப் பாக்கெட் ஒட்டப் போய்விட்டாள். அந்தப் பழமொழியைச் சோற்றுக்குத்தான் சொன்னார்கள்.

கோத்தகிரியில் சனி, ஞாயிறு இரண்டு நாள் கண்காட்சி. சனிக்கிழமை காலையில் நாலு பேரும் மேசைக்குப் பின்னால் நின்றார்கள். ராமாத்தாள் அதே அரக்குச் சேலையில். முதலில் வந்த கோயம்புத்தூர் அம்மா ஒருவர் ராமாத்தாளின் பாக்கெட்டை எடுத்துப் போனைக் காட்டினார். ராமாத்தாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, படத்தையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத் தோதாக முகத்தைத் திருப்பி நின்றாள்.

"மன்னிக்கவும். அப்படி யாரும் இங்கே இல்லைங்க" என்று அந்த அம்மா வாய்விட்டுப் படித்தார்.

ராக்கம்மாவின் பாக்கெட்டுக்கும் அதே பதில். வேலாமணிக்கும் அதே. ராஜப்ரியாவின் பாக்கெட்டைக் காட்டியதும், போன் நிறையப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு வந்து நின்றது ராஜப்ரியாவின் முகம். "இவங்க மட்டும் லட்சணமா வந்திருக்காங்களே!" என்றார் அந்த அம்மா. நல்ல மனதோடுதான் சொன்னார். ராக்கம்மா சிரித்துவிட்டாள். வேலாமணி, "நம்ம மூஞ்சிய மெஷினுக்குப் புடிக்கல போலருக்கு" என்று ஆறுதல் சொன்னாள். ராமாத்தாள் மட்டும் அன்று பூராவும் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அரக்குச் சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அடுப்படிக்குப் போய்ச் சோற்றைப் போட்டாள். மருமகளைப் பார்த்து, "வாங்க. சாப்புடுங்க" என்றாள்.

பாலுவின் கையிலிருந்த சொம்பு நழுவியது. அவனுக்கு நினைவு தெரிந்து அவன் அம்மா வீட்டுக்குள் யாருக்கும் 'ங்க' போட்டதில்லை. ராஜப்ரியாவுக்குச் சோறு இறங்கவில்லை. பிறந்ததிலிருந்து ஆயிரம் பேருக்குத் தான் வழங்கிய சொல், ஒரே ஒரு முறை தனக்கு வந்ததும், வாசலுக்கு வெளியே நிறுத்தியது போல இருந்தது.

"அத்தை, அது ஏதோ எரருங்க, நான் வேணும்னு..."

"நீங்க சாப்புடுங்க" என்ற ராமாத்தாள், மகன் பக்கம் திரும்பினாள். "அந்தக் கரையில ஒங்களுக்குப் பேரு இல்லைன்னு சொல்லித்தான்டா எங்கள கப்பல்ல ஏத்துனான். இங்க வந்து ரேஷன் கார்டுல பேரு ஏறுறதுக்குள்ள எங்கப்பா போய்ச் சேந்துட்டாரு. பெறகு ஒருவழியா எல்லாத்துலயும் ஏறிருச்சுன்னு நெனச்சேன். இப்ப வீட்டுலயே எழுதி வச்சாச்சு, அப்புடி யாரும் இங்க இல்லைன்னு."

விளையாட்டாக எழுதிய ஒரு வரி யார் தலையில் போய் விழுந்திருக்கிறது! ஸ்கிரிப்டாவது மண்ணாவது என்று தோன்றியது. ராஜப்ரியா இந்த வீட்டில் வேண்டியதெல்லாம், பாலுவைப் பார்த்தால் மலர்கிற அந்த முகம் தன்னைப் பார்த்தும் ஒரு தடவை மலர வேண்டும் என்பதுதான். அது கூடி வருகிற நேரத்தில், வெண்ணெய் திரளும்போது தாழியை உடைத்தவள் தானே என்று அழுகையாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கண்காட்சிக்குக் கிளம்பச் சொன்ன மகனிடம், "நான் எதுக்கு? இல்லாத ஆளு அங்க வந்து என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு, ராமாத்தாள் பின்கட்டில் முறத்தோடு உட்கார்ந்து தேயிலையில் காம்பு பொறுக்க ஆரம்பித்தாள்.

ராஜப்ரியா லேப்டாப்பைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை பர்மிஷன் தகராறு செய்ததால், இதுவும் அதுவாகத்தான் இருக்கும் என்று படங்கள் இருந்த ஃபோல்டரில் கண்ணில் பட்ட கட்டத்திலெல்லாம் டிக் போட்டாள். யாரும் படிக்கலாம், யாரும் எழுதலாம், ஊரே உள்ளே வந்து உட்காரலாம் என்று திறந்துவிட்டாள். பலனில்லை. டிக்கையெல்லாம் பழையபடி எடுத்துவிட்டு, படங்களை அழித்து மறுபடி ஏற்றினாள். அப்போதும், 'அப்படி யாரும் இங்கே இல்லைங்க'.

அந்த வரியைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது. முதலில் இதை ஒழிப்போம் என்று ஸ்கிரிப்டிலிருந்து அதை அழித்தாள். படத்தை நேராகத் திறந்துபார், முடியாவிட்டால் நீயே உன் வாயால் சொல் என்று சர்வரிடம் விட்டுவிட்டாள். இப்போது சர்வர் தன் சொந்த எரரைக் காட்டியது. அதில் பர்மிஷன் என்ற பேச்சே இல்லை. இந்தப் பெயரில் ஃபைல் இல்லை என்றது. தடுக்கிறேன் என்று அது சொல்லவேயில்லை. தேடினேன், காணவில்லை என்கிறது. நேற்றிலிருந்து அது சொல்ல வந்ததைச் சொல்லவிடாமல் வாயை அடைத்து வைத்திருந்தது அவள் எழுதிய வரிதான்.

"இருக்குதேங்க! கண்ணுக்கு முன்னாடி இருக்குதேங்க!" என்று லேப்டாப்பிடம் முறையிட்டாள்.

தேத்தண்ணியோடு வந்த பாலு பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். "ஆமா, ஒன் படம் மட்டும் எப்புடி வருது?"

"அதுதாங்க தெரியல."

"என்னத்த தெரியல? எங்கம்மா பேரு என்னமோ சண்டைக்கு நிக்கிற மாதிரி பெருசா நிக்குது. நீ பூனக்குட்டி மாதிரி ஓரமா இருக்க" என்று சிரித்துவிட்டு அவன் ஜீப்பைத் துடைக்கப் போனான்.

ராஜப்ரியா பட்டியலைப் பார்த்தாள். முழுக்கப் பெரிய எழுத்தில் மாமியார். தலை மட்டும் பெருத்த ராக்கம்மாவும் வேலாமணியும். சின்ன எழுத்தில் தான். க்யூஆர் கோடு கேட்பதோ எல்லாரையும் சின்ன எழுத்தில். வகுப்பில் எப்போதோ காதில் விழுந்தது இப்போது உறைத்தது: வீட்டு லேப்டாப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது, சர்வர் பார்க்கும். அதற்கு இரண்டும் வேறு வேறு ஆள். தமிழச்சிக்கு அது எப்படி மனதில் நிற்கும்? அம்மாவுக்கும் அதே 'அ', அணிலுக்கும் அதே 'அ', அவ்வளவுதானே நம் ஊரில்.

பெயரை மாற்ற ஒரு நொடி போதும். ஆனால் மாமியாரைச் சின்ன எழுத்தாக்க அவளுக்குக் கை வரவில்லை. எழுந்து பின்கட்டுக்குப் போனாள்.

"அத்தை, கண்டுபுடிச்சுட்டேனுங்க. உங்க பேரப் பெரிய எழுத்துல போட்டுப்போட்டேனுங்க. அதனாலதான் அதுக்கு உங்களத் தெரியலீங்க."

ராமாத்தாள் முறத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. "பெரிய எழுத்துல ஏன் போட்டீங்க?"

"மரியாதைக்குங்க." சொல்லும்போதே ராஜப்ரியாவுக்குக் கண் கலங்கியது. "என் பேரச் சின்னதாப் போட்டேனுங்க. அதனால நான் மட்டும் தெரிஞ்சுட்டேனுங்க. உங்களையும் சின்ன எழுத்துக்கு மாத்தட்டுங்களா?"

காம்பு பொறுக்கிய விரல்கள் நின்றன.

"மேட்டுப்பாளையத்துக்குப் போன் போட்டா, ஒங்கம்மாகிட்ட எப்புடிக் கதைக்கிறீங்க? 'நீ சும்மா இரும்மா, ஒனக்கு ஒண்ணும் தெரியாது'ங்குறீங்க. செவுத்துக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாங் கேக்கும்." ராமாத்தாள் ஒரு காம்பை எடுத்து வீசினாள். "அப்புடி என்னைய வையிறதுக்கு எனக்கு ஒரு பொம்பளப் புள்ள இல்ல. வந்த புள்ளையும் வாங்க போங்கன்னு, துரைசாணிகிட்டக் கதைக்கிற மாதிரியே கதைக்குது. கம்ப்யூட்டர்லயும் அதத்தான் செஞ்சு வச்சிருக்கீங்க. போங்க. போயி மாத்துங்க."

ராஜப்ரியா உள்ளே வந்தாள். ராக்கம்மாவை மாற்றினாள், வேலாமணியை மாற்றினாள். மாமியார் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்து, சின்ன எழுத்தில் மெதுவாக அடித்தாள். போனை எடுத்து ராமாத்தாளின் பாக்கெட்டின் மேல் காட்டினாள்.

சேலை முதலில் வந்தது போலத் தோன்றியது. பிறகு அந்த முகம், முறைப்பு முடிந்து சிரிப்பு தொடங்குகிற இடத்தில். மலர்ந்திருந்தது. அன்று போனைப் பிடித்திருந்த பாலுவுக்குப் பக்கத்தில்தான் தானும் நின்றிருந்தது ராஜப்ரியாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கூப்பிட வாயைத் திறந்தாள். 'அத்தை, வாங்க' நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைப் பல்லைக் கடித்து விழுங்கினாள். பூனைக்குக்கூட மரியாதை கொடுத்து வளர்ந்தவளுக்கு அது லேசான காரியம் இல்லை.

"அத்தை," என்று கத்தினாள், அடுத்த வீட்டுக்கே கேட்கும்படி. "எவ்வளவு நேரம் அங்கயே உக்காந்திருப்ப? இங்க வா. வந்து நீயே பாரு."

வாசலில் ஜீப் துடைத்துக்கொண்டிருந்த பாலு அப்படியே நின்றுவிட்டான். பின்கட்டில் முறத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மிஞ்சிவிட்டோமோ என்று ராஜப்ரியா போனைக் கையில் பிடித்தபடி பின்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளறையில் பெட்டியைத் திறக்கும் சத்தம் வந்தது.

"ஏன்டி இந்தக் கத்து கத்துற? இந்தா, சேலைய உடுத்திக்கிட்டு வாறேன்."