வெறும் தண்ணீர் வரிசைகள்

நாற்பத்தைந்தாம் நாள் கணக்கெடுப்பில் பச்சைச் சீட்டு வரிசைகளில் ஏழு செடிகள் வாடியிருந்தன. வெள்ளைச் சீட்டு வரிசைகளில் ஒன்பது. அவள் மறுபடி எண்ணினாள். அதே ஏழு, அதே ஒன்பது.

சித்தப்பாவின் பசுமைக்குடிலில் போன வருடம் பாதித் தக்காளி வாடல் நோயில் போயிற்று. பூஞ்சை மண்ணிலேயே குடியிருந்தது. அதற்காகவே ஆராய்ச்சிக்கு அந்த இடத்தைக் கேட்டு வாங்கியிருந்தாள். நோய் தாக்கும்போது செடி தன்னைக் காத்துக்கொள்ள ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அதை முன்கூட்டியே வேரில் ஊற்றினால் செடி உஷாராகிவிடும் என்பது அவள் கட்சி. பச்சைச் சீட்டுக்கு ஹார்மோன் கரைசல், வெள்ளைக்கு வெறும் தண்ணீர், பத்து நாளைக்கு ஒருமுறை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் இந்த வேலையை மூடிவிடலாம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

"என்ன டாக்டரம்மா, நாடி பேசுதா?" சித்தப்பா வாசலில் நின்று கேட்டார்.

"இல்ல சித்தப்பா. ரெண்டும் ஒண்ணாதான் இருக்கு."

"அப்ப உன் மருந்து வெத்துவேட்டா?"

வாளி கழுவிக்கொண்டிருந்த சித்திக்குத்தான் பொறுக்கவில்லை. ஊற்றும் வேலை முழுக்க சித்தியுடையது.

"ஏன் வெத்துவேட்டு? நல்லாத்தான் கேக்குது. வெள்ளைச் சீட்டையெல்லாம் பாருங்க, எப்படி நிமிந்து நிக்குது!"

"வெள்ளைக்கு எப்படி சித்தி கேக்கும்?"

சித்தி வாளியைக் கவிழ்த்து வைத்தாள். "மிச்சம் இருந்துதுடி. ஆளுக்கு அரை டம்ளர் ஊத்தினேன். பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சு, பாதிப் பேருக்கு மட்டும் பரிமாற எனக்குக் கை வரல."

"எத்தனை தடவை?"

"நாலு தடவையும்தான்."

"போச்சுடா," என்றார் சித்தப்பா. "புள்ள படிப்புல மண்ணள்ளிப் போட்டுட்ட."

மருந்து தோற்கவில்லை என்று அவளுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. கோபம் பிறகுதான் வந்தது.

"எல்லாத்துக்கும் ஊத்தினேன், எல்லாம் பொழச்சுதுன்னு எழுதிடேன்," என்றாள் சித்தி.

"ஊத்தாம விட்டிருந்தா செத்திருக்குமான்னு கேப்பாங்க சித்தி."

நடந்ததை அவள் பேராசிரியருக்குப் போனில் சொன்னாள். அவர், "இன்னும் ஒரு தடவை. அதோட சரி," என்றார்.

இம்முறை புதிதாக நட்ட செடிகளுக்கு ஆய்வகத்திலிருந்தே கரைசல் கலந்து கேன்களில் வந்தது. ஒன்று, இரண்டு என்ற எண்கள் மட்டும். எது எது என்பது பேராசிரியருக்குத்தான் தெரியும். எந்த வரிசைக்கு எந்த எண் என்று குலுக்கிப் போட்டு எடுத்தார்கள்.

"இதுல எதுடி மருந்து?"

"எனக்கே தெரியாது சித்தி."

சித்தி இரண்டு கேனையும் திறந்து மோந்து பார்த்தாள். பிரயோஜனமில்லை.

நான்காம் வாரம் சில வரிசைகளில் கீழ் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. சித்தி வாளியோடு அப்படியே நின்றாள்.

"பாத்துக்கிட்டே நிக்கச் சொல்ற. உனக்கு ஈரமே இல்லையாடி?"

"சீட்டுல இருக்கிற எண்ணைப் பாத்து ஊத்துங்க சித்தி."

முகத்தைத் திருப்பிக்கொண்டு, சித்தி சரியாகவே ஊற்றினாள்.

நாற்பத்தைந்தாம் நாள் ஒன்றாம் எண் வரிசைகளில் எட்டுச் செடிகள் வாடியிருந்தன. இரண்டாம் எண்ணில் ஐம்பத்தேழு. வாடிய ஒவ்வொன்றின் தண்டையும் அவள் வெட்டிப் பார்த்தாள். உள்ளே வாடல் நோயின் பழுப்புக் கோடு. கணக்கைப் பேராசிரியருக்குப் போனில் சொன்னாள். காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"ஒண்ணுதான் ஹார்மோன்," என்றார். "வேலை தொடரட்டும்."

அவள் திரும்பி வந்தபோது சித்தி செத்த செடிகளைப் பிடுங்கிச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். பச்சைக் காய்கள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஜெயிச்சிட்டியா?"

"ஆமா சித்தி."

"சரி," என்றாள் சித்தி. "வந்து சாக்கை அந்தப் பக்கம் பிடி."