போனிலும் தமிழிலும்

நான் முன்கோபி. அம்பத்தூர் ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கும் அந்தப் பாழாய்ப்போன கோபம்தான் காரியத்தைக் கெடுத்தது.

ஒரு நர்சிங் கல்லூரியின் விண்ணப்பத் தளத்துக்கு சர்வர் பார்ப்பது என் வேலை. கம்ப்யூட்டரில் போடும் விண்ணப்பங்கள் பழைய சர்வருக்குப் போகும். போனில் வருவதற்குப் புது சர்வர். 'இப்படி வந்தால் இதைச் செய்' என்று சொல்லும் வரியை நாங்கள் இஃப் என்போம். இரண்டு எழுதினேன். போனில் வந்தால் புது சர்வருக்கு அனுப்பு. தமிழ்ப் பக்கம் கேட்டால் தமிழ் என்று குறித்துவை.

பக்கத்து சீட் ஜெகதீசன் எட்டிப் பார்த்தான். "மச்சான், இன்னா ரெண்டு இஃப் அடுக்கிகினு கீற? ரெண்டும் ஒண்ணா பொருந்துச்சுன்னா கடைசிதுதான் நிக்கும். மொதல்ல கீறது பூடும். எர்ரர்கூட காட்டாது."

"உன் வேலையப் பார்றா. வந்துட்டாரு வாத்தியாரு!" என்று எரிந்து விழுந்தேன்.

போனில் ஆங்கிலத்தில் போட்டுப் பார்த்தேன், போனது. கம்ப்யூட்டரில் தமிழில் போட்டேன், அதுவும் போனது. போனில் தமிழில் போட்டுப் பார்க்கத் தோன்றவே இல்லை. என்னை எதால் அடிப்பது?

மாங்காட்டில் எங்கள் கீழ்வீட்டுப் பெண் சபீனா. குமணன்சாவடி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். வயது வரம்புப்படி அவளுக்கு நர்சிங் சேர இதுதான் கடைசி வருஷம். "போன்லயே போடும்மா, நம்ம சைட்டுதான்" என்று ஜம்பமாகச் சொன்னதே நான்தான். போட்டாள். 'கிடைத்தது, நன்றி' என்று வந்ததாம். அவள் அம்மா சேமியா பாயசம் கொடுத்தனுப்பினார். நானும் வெட்கமில்லாமல் குடித்தேன்.

தேர்வுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. பதிவுகளைத் தோண்டினேன். ஜெகதீசன் சொன்ன மாதிரியே முதல் இஃப் அடிபட்டு, போனில் தமிழில் போட்ட நாற்பத்தொரு பேரும் பழைய சர்வருக்குப் போயிருந்தார்கள். போன் படிவத்தைச் சேமிக்க அதற்குத் தெரியாது. நன்றி மட்டும் சொல்லி எல்லாவற்றையும் கழித்துவிட்டிருந்தது. கல்லூரியில் போய்க் கெஞ்சினேன். சீட் நிரம்பிவிட்டது என்றார்கள்.

சபீனாவிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியும்ணா. தப்பு வந்துடக்கூடாதுன்னுதான் தமிழ்ல போட்டேன். நான்தான் கெடுத்துக்கினேன்."

"இல்லம்மா, தப்பு என்னுது" என்றேன். அவள் நம்பவில்லை.