கைக்கு வராத சத்தம்

தண்ணீர் அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. பாம்புக்காது, அவ்வளவுதான். குழி தோண்டும் மேஸ்திரி மட்டும் மரியாதைக்கு ஓர் ‘அக்கா’ சேர்த்துக்கொள்வார். மண்ணுக்கடியில் எந்தக் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கேட்டுச் சொல்வது அவள் வேலை. ஆளுயர இரும்புக் கம்பி ஒன்று, அதன் மேல்நுனியில் காதை வைக்க ஒரு சின்னக் கிண்ணம். சாலையில் ஊன்றிக் காதை வைத்தாள் என்றால், ஒழுகும் குழாய் ‘உஸ்ஸ்’ என்று தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ளும். சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுவாள். அங்கே தோண்டினால் தண்ணீர். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. ஏன் இருக்கக் கூடாது? ஒன்றும் தெரியாதவனெல்லாம் மார்தட்டிக்கொண்டு திரிகிறான்.

அந்தக் கர்வத்தின் தலையில்தான் இடி விழுந்தது. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவள் காதுக்குள் ஓர் இரைச்சல் குடியேறியது. மற்றவர்களுக்கு வண்டு ரீங்காரம், விசில் என்று ஏதேதோ கேட்குமாம். அவளுக்கு வந்தது அச்சு அசல் ஒழுகும் குழாயின் ‘உஸ்ஸ்’. விதிக்கும் நக்கல் உண்டு போலிருக்கிறது.

யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடமும் மூச்சு விடவில்லை. அவர் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். அவரிடம் சொல்வதும் தண்டோரா போடுவதும் ஒன்று.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே அவள் கோடு போட்ட இடத்தில் சாலையை உடைத்தார்கள். காய்ந்த மண். “கொஞ்சம் தள்ளி” என்றாள். அங்கேயும் காய்ந்த மண். இன்னும் கொஞ்சம் தள்ளினாள். மூன்றாவது குழியில் மேஸ்திரி மண்வெட்டியை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. தன் காதுக்குள் ஓடிய இரைச்சலுக்குத்தான் அவள் ஊர்ச் சாலையைத் தோண்ட வைத்திருந்தாள்.

மறுநாள் பொறியாளர் கம்பியை வாங்கி வைத்துக்கொண்டு புகார் மேசையைக் காட்டினார்.

“தற்காலிகமாத்தாம்மா.”

அலுவலகத்தில் தற்காலிகம் என்றால் என்னவென்று தெரியாதவளா அவள்? தற்காலிகமாகப் போட்ட தகரக் கொட்டகையில்தான் அந்த அலுவலகமே நடக்கிறது.

அன்று சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மனிதர் கடைச் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினார். அப்புறம், “நாளைக்குக் கடை லீவு. கிளம்பு, காதைக் காட்டிட்டு வரலாம்” என்றார்.

காது மருத்துவர் அவள் மகள் வயதிருக்கும் பெண். தலையில் ஹெட்போனை மாட்டி, மணிக்கட்டில் கடிகாரம் போல ஒரு பட்டையைக் கட்டினாள். காதில் ‘டிங்’ என்று ஒரு சத்தம் வந்தது. அதே நொடியில் பட்டை கையில் குறுகுறுவென்று அதிர்ந்தது. சத்தம் மாறினால் அதிர்வும் கூடவே மாறியது.

“இது எதுக்கும்மா, கிச்சுகிச்சு மூட்டவா?”

மருத்துவர் சிரித்துவிட்டாள். “வெளியில இருந்து வர்ற சத்தத்துக்கு கையில ஒரு சாட்சி இருக்கு. உங்க காதுக்குள்ள இருக்கிற சத்தத்துக்குச் சாட்சியே கிடையாது. தினமும் ரெண்டையும் சேர்த்துக் குடுத்தா, சாட்சி இல்லாததுக்கு மூளை மெதுவா மதிப்பைக் குறைச்சுடும். எல்லாருக்கும் ஒரே மாதிரி பலிக்காது. சுத்தமா போயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன்.”

சத்தியம் பண்ணாததனாலேயே அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

மருத்துவர் கொடுத்தனுப்பிய ஹெட்போனையும் பட்டையையும் தினமும் சமையல் முடிந்ததும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவ்வளவு நேரமும் கணவர் வாயைத் திறக்கவில்லை. அக்கம்பக்கத்தார் அதைத்தான் பெரிய அதிசயமாகப் பேசிக்கொண்டார்கள். வாரங்கள் போகப் போக இரைச்சல் நடுக்கூடத்திலிருந்து எழுந்து பின்கட்டுக்குப் போனது. வீட்டை விட்டுப் போகவில்லை.

ஒருநாள் இரண்டு சத்தங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் அவளுடைய ‘உஸ்ஸ்’ மட்டும் கேட்டது. பட்டை சும்மா இருந்தது. “இது கைக்கு வரல” என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்னதும் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். இத்தனை காலம் கம்பியைப் பிடித்த கை வெறும் முட்டுக்கொடுக்கத்தான் இருந்தது. அதை ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

அடுத்த நாள், முடிதிருத்தும் கடை வழியாகக் காது விஷயம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்த பொறியாளர் முன்னால் போய் நின்றாள்.

“ஒரே ஒரு கோடு சார். தப்பினா புகார் மேசையிலயே ரிட்டயர் ஆயிடறேன்.”

பொறியாளர் யோசித்தார். கடைத்தெருவில் குழாய்கள் வறண்டு, ஆட்கள் குடத்தோடு அலுவலக வாசலுக்கு வந்துகொண்டிருந்த சமயம் அது. “இன்னிக்கு மட்டும்” என்று கம்பியைக் கொடுத்தார்.

கடைத்தெருவில் கூட்டம் கூடிவிட்டது. மேஸ்திரி கம்பியைக் குழாயைத் தொடும்வரை அடித்து இறக்கினார். காதை வைத்தாள். ‘உஸ்ஸ்’. கம்பியில் விரல்நுனியை வைத்தாள். ஒன்றுமில்லை. “அடுத்த இடம்” என்றாள். அங்கே இரைச்சல் காதைப் பிளந்தது. பயந்தால் அது இன்னும் கத்தும். இங்கேதான், இங்கேதான் என்று காது சத்தியம் செய்தது. விரல்கள் இல்லை என்றன. பழைய பழக்கம் சுண்ணக்கட்டியைத் தேடியது. பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியைப் பிடுங்கச் சொன்னாள்.

“அக்கா, பார்த்துக்க” என்று மேஸ்திரி முணுமுணுத்தார்.

தையற்கடை வாசலில் இறக்கியபோது காதில் அதே இரைச்சல். விரல்நுனியில் மட்டும், உறங்கும் பூனையின் வயிற்றைத் தொட்டாற்போல ஒரு மெல்லிய உறுமல். கோடு போட்டாள்.

மேஸ்திரி இடுப்பளவு குழிக்குள் இறங்கியிருந்தபோது தண்ணீர் அவர் முகத்திலேயே பீய்ச்சியடித்தது. தெருவே கைதட்டியது. ஒரு வாடிக்கையாளரைப் பாதி மழித்த முகத்தோடு கடையில் விட்டுவிட்டு ஓடிவந்திருந்த கணவர், “என் சம்சாரம்! என் சம்சாரம்!” என்று முன்பின் தெரியாதவர்களின் தோளையெல்லாம் உலுக்கினார்.

பொறியாளர் கம்பியைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். “காது சரியாயிடுச்சா அம்மா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூட்டம் அதற்குத்தான் காத்திருந்தது.

“இல்ல சார். இப்பவும் இரையுது, நாளைக்கும் இரையும்” என்று கடைசியில் நின்றவருக்கும் கேட்கும்படி சொன்னாள். “கைக்கு வராத சத்தத்துக்கு இனிமே நான் கோடு போடமாட்டேன்.”

பொறியாளர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.