எழுந்து போக முடியாதவர்

துரைராஜ் கைவைத்த நாற்காலியைக் கூடத்தின் நடுவே இழுத்துப் போட்டு, தம்பியின் உடலைத் தூக்க இரண்டு பேரைக் கூப்பிட்டபோது கமலம் குறுக்கே போய் நின்றாள்.

"தொடாதீங்க மாமா."

விடியற்காலையில் அவள் கணவர் இளங்கோவன் தூக்கத்திலேயே போய்விட்டார். சேதி கேட்டுப் பக்கத்துப் போலாரத்திலிருந்து ஓடிவந்த அண்ணன், வரும் வழியிலேயே அல்வால் போட்டோ ஸ்டுடியோக்காரரையும் கையோடு கூட்டி வந்திருந்தார். செத்தவருக்குச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார வைத்து, சொந்தக்காரர்கள் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வது அந்தக் குடும்பத்தில் விட்டுப்போகாத வழக்கம்.

"தந்தி கிடைச்சு ஆம்பூர்லேருந்து தாயம்மா வர்றவரைக்கும் வெச்சிருக்க முடியாதும்மா. கூடப் பொறந்தவ. அண்ணன் முகத்தை போட்டோவிலயாவது பார்க்க வேணாமா?"

"பார்க்கட்டும். ஆனா இப்படி வேணாம்."

"ஊரையே படம் எடுத்தவன்மா அவன்!"

ஊரை எங்கே எடுத்தார்? சுவர் முழுக்கக் கொக்கும் நாரையும்தான். மௌலா அலிப் பக்கம் ஒரு சர்க்கார் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் வேலைக்கு ஆள் எடுத்தவர், ஓய்வுபெற்றதும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையே கதியென்று கிடந்தார். கமலமும் சாப்பாடு கட்டிக்கொண்டு கூடப் போவாள். ஒருநாள் கூட்டில் சிறகு முளைக்காத குஞ்சுகளைப் பார்த்து, "இதை எடுங்களேன்" என்று ஆசையாய்க் காட்டினாள். அவர் லென்ஸை மூடிவிட்டார்.

"பிடிக்கலைன்னா அதால பறந்து போக முடியாது கமலம். இன்டர்வியூல எத்தனை பேரை அப்படி உட்கார வெச்சிருக்கேன்! பாவம், நடுங்கிக்கிட்டே இருப்பாங்க, எந்திரிச்சுப் போகவும் முடியாது. அந்தப் பாவம் போதும்."

பெரிய மகான் என்று அன்று கேலி செய்தாள். இன்று அந்த மனிதருக்காகப் பேச அவளைவிட்டால் ஆளில்லை.

"இப்ப அவரால எந்திரிச்சுப் போக முடியாது மாமா. அதனாலதான் வேணாங்கறேன்."

"முப்பது வருஷமா என் எதிர்ல நீ உட்கார்ந்ததுகூட இல்ல. இன்னிக்கு எதிர்த்துப் பேசறியா?"

"பேசுவேன்."

ஸ்டுடியோக்காரர் கேமராவைத் தாழ்த்தினார். "சாப், அம்மா நக்கோ போல்ரே… வேணாங்கறாங்களே."

"நீ எடுய்யா! டேய், தூக்குங்கடா!"

இருவரும் குனிந்தார்கள். அழுதால் இவர்கள் தன்னை ஓரமாகக் கூட்டிப் போய் உட்கார வைத்துவிட்டுக் காரியத்தை முடித்துவிடுவார்கள் என்று கமலத்துக்குத் தெரியும். மடமடவென்று போய் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தாள். குனிந்த இருவரும் நிமிர்ந்து துரைராஜைப் பார்த்தார்கள்.

"தாயம்மாவுக்கு முகம்தானே வேணும்? என் முகத்தை அனுப்புங்க. பார்த்தா எல்லாம் புரிஞ்சுக்குவா."

"ஐயையோ, நெத்தியில பொட்டோடவா?" என்றாள் யாரோ ஒருத்தி.

"பொட்டோடதான்."

ஸ்டுடியோக்காரர் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். பழக்க தோஷத்தில், "கொஞ்சம் தலையைத் தூக்குங்கம்மா" என்றார். அவள் தலை ஏற்கெனவே நிமிர்ந்துதான் இருந்தது.

துரைராஜ் வாசலைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். பிறகு தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு, வழக்கப்படி நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார்.